தீவகத்துக்கு வந்த கப்பற் பொறியியல்

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்துக்கென்று கப்பற் பொறியியல் முதுமாணிப் பட்டப்படிப்பு தொடங்கப்போகிறார்கள் என்று என்னையும் குழுவில் சேர்த்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்து பேரில் கப்பல் படித்தவள் நான் ஒருத்தி. தீவகத்தில், சரவணையில் பிறந்தவளும் நான்தான். தலைவர் பாலம் கட்டும் துறையில் ஓய்வுபெற்ற பேராசிரியர். பாலமும் தண்ணீருக்கு மேலேதானே நிற்கிறது என்று நினைத்துவிட்டார் போலும்.

இடம் பார்க்க ஒருநாள் நயினாதீவுக்குப் போனோம். படகின் கீழ்த்தட்டில், டீசல் மணத்துக்குள், சனத்தோடு சனமாக இருக்கத் தலைவருக்கு மனம் வரவில்லை. மேலே கதிரை போடச் சொன்னார். பாதி வழியில் அலை ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தார். பிறகு அம்மனைக் கும்பிட்டார்கள், திரும்பும் வழியில் மண்கும்பானில் நண்டுக்கறியோடு சாப்பிட்டார்கள், இடம் பார்த்தாயிற்று என்று அறிக்கை எழுதினார்கள். வகுப்புகளோ யாழ்ப்பாண நகரத்தில், குளிரூட்டிய மண்டபத்தில். 'தீவகம்' அறிக்கையின் தலைப்பில் மட்டும் இருந்தது. அதில் நானும் கையெழுத்து வைத்தேன்.

நேர்முகத்துக்குத் தீவுகளிலிருந்து வந்தவர் ஒரேயொருவர். ஊர்காவற்றுறைக்காரர், முப்பது வயதிருக்கும். இயந்திரப் பொறியியல் பட்டத்தில் சாதாரண சித்தி. தகப்பனோடு ஃபைபர் படகு கட்டுகிறவர். விரல்களில் பிசின் காய்ந்திருந்தது.

"நீர் கட்டுறது படகு. இது கப்பல்," என்றார் தலைவர்.

"ஓம் சேர். திருவிழா நேரம் சனமெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழும்பினால் படகு சரியும். எவ்வளவு சரிஞ்சால் திரும்ப நிமிரும் எண்டு கணக்காச் சொல்ல எனக்கு ஏலாது. அதைப் படிக்கத்தான் வந்தனான்."

நான் நடத்தவிருந்த பாடத்தின் முதல் அத்தியாயமே அதுதான். குழுவில் ஒருவர் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். தலைவர் சிரித்தார்.

"விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி என்ன தெரியும், சொல்லும்?"

வந்தவர் வெளியே போனதும் தலைவரைக் கேட்டேன், "இவரை எடுக்காட்டில் இந்தப் படிப்பு ஆருக்கு சேர்?"

"பிள்ளை, தரம் எண்டு ஒண்டு இருக்கெல்லே."

அரைமணிக் கடலைத் தாங்காத மனிதர் தரம் பேசினார். தொழில் அனுபவத்தையும் தகுதியாக எடுக்கலாம் என்று விதியில் நானே எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். அப்படியொரு வரி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தபிறகும் அவரை எடுக்கவில்லை.

படிப்பு தொடங்கியது. முதல் அணியில் தீவகத்தார் ஒருவருமில்லை. நான் விலகவுமில்லை, அந்தக் கோழைத்தனமும் என்னுடையதுதான். சனிக்கிழமைகளில் மட்டும் குறிப்புகளோடு ஊர்காவற்றுறையில் அவருடைய படகுப் பட்டறைக்குப் போகத் தொடங்கினேன். தண்ணீரில் மிதக்கும் படகில் மண்மூட்டைகளை ஒரு பக்கமாக நகர்த்தி, தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்தோம். என் மாணவர்கள் ஒரு தவணையில் படித்ததை அவர் மூன்று சனிக்கிழமையில் பிடித்துவிட்டார்.

ஆண்டு நிறைவு விழாவுக்கு, படத்தில் நிற்க ஒரு தீவகத்தார் தேவைப்பட்டார். தலைவர் அந்த ஊர்காவற்றுறைக்காரருக்கு அழைப்புக் கடிதம் தந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் வாசித்து மடித்தார். "அக்கா, அண்டைக்குப் படகு இறக்கவேணும். வர ஏலாது எண்டு சொல்லிவிடுங்கோ."

அப்படியே சொன்னேன்.

"பாத்தீரே பிள்ளை, இந்தச் சனத்துக்கு அக்கறையில்லை," என்றார் தலைவர்.

விழாவன்று ஊர்காவற்றுறையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று புதுப்படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.