ஓடைக்கரை வெள்ளைக் கல்

1. மரத்தடி மூட்டை

செல்லம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று தோட்டத்துக் கங்காணி மண்டோர் ஓடிவந்து சொன்னபோது, நானும் துரையும் தோட்டத்து ஆபீஸ் வாசலில் சேறு படிந்த பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தோம். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு மாவு கொண்டுபோய் வைத்தாள் என்று குற்றச்சாட்டு.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு கொடுத்ததாகப் பெயர் வந்தால் போதும், சிறைதான். பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். செல்லம்மா பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். தொழிலாளர் லயத்தில் அவருக்குப் பால்குடி மறக்காத பிள்ளை ஒன்று இருந்தது.

அப்போது நான் நிலவியல் ஆய்வு வேலையில் ஃபீல்டு அசிஸ்டென்ட். என் ஊர் கோலா சிலாங்கூர். அங்கே எங்கே தோண்டினாலும் சேறுதான், கோழியை விரட்டக்கூட ஒரு கல் கிடைக்காது. அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் அம்பாங் பெச்சாவுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்துத் தோட்டங்களில் கல் பொறுக்க விட்டார்கள். எனக்கு மேலே இருந்த ஜியாலஜிஸ்ட்தான் துரை, வெள்ளைக்காரர். நல்ல மனிதர், ஆனால் கல்லைப் பார்த்துவிட்டால் பசி, மழை எதுவும் தெரியாது. செல்லம்மா காலையில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டிவிட்டு, பிறகு எங்களுக்குச் சாம்பிள் சுமக்க வருவார்.

அன்று காட்டோர ஓடையில் துரை வெள்ளையாக ஒரு கல்லைக் கண்டுபிடித்தார். கல் என்றுதான் பேர், கையில் எடுத்தால் உதிரும், விரலில் தேய்த்தால் வழுக்கும். கொண்டுவந்த சாம்பிள் பைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. செல்லம்மா தன் இடுப்பிலிருந்த துணிப்பையை உதறிக் கொடுத்தார். மாவுச் சாக்கைப் பிரித்துத் துவைத்துத் தைத்த பை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பாவாடை, தலையணை உறை, தொட்டில் எல்லாமே மாவுச் சாக்குத் துணிதான். மில்லின் முத்திரை மட்டும் எத்தனை துவைத்தாலும் போகாது.

மழை வரும்போல் இருந்தது. துரைக்கு ஓடையை விட்டு வர மனமில்லை. “நீ முன்னால் போ” என்று செல்லம்மாவை அனுப்பிவிட்டார். காட்டோரம் நடமாடப் போலீஸ் கொடுத்த பாஸ் துரையின் சட்டைப்பையிலேயே இருந்தது. வழியில் செல்லம்மா மூட்டையை ஒரு மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு முகம் கழுவ ஓடைக்குப் போயிருக்கிறார். ரோந்து வந்த போலீஸ்காரர்கள் கண்ணில் பட்டது இதுதான்: காட்டோர மரத்தடியில் ஒரு மாவு மூட்டை, அதை விட்டு விலகிப்போகும் ஒரு பெண். காட்டுக்காரர்களுக்கு அப்படித்தான் சாமான் வைப்பார்கள்.

2. கரண்டி

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தமிழர்தான். அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது, பேச ஆரம்பித்ததும் போய்விட்டது.

“என்னான்னு கேட்டா கல்லுங்கறா. கையவிட்டுப் பாத்தா மாவு மாதிரி இருக்கு. நான் என்ன முட்டாளா?”

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்லம்மா எழுந்துவிட்டார். “கல்லுதான்யா! என் புள்ள மேல சத்தியமா கல்லுதான்!”

“ஒக்காரு! சத்தியம் பண்ணாதவன் எவன் இங்க வந்திருக்கான்?”

துரை வாதாடவில்லை. ஸ்டேஷன் சமையற்கட்டிலிருந்து ஒரு இரும்புக் கரண்டி வாங்கி, பொடியில் கொஞ்சம் போட்டு அடுப்பில் காட்டினார். மாவாக இருந்தால் கருகி நாறியிருக்கும். பொடி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. நான் மனசுக்குள் துள்ளினேன்.

இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். “சரி, மாவு இல்ல. இது இன்னும் மோசமால்ல இருக்கு. வெடிமருந்துல சேக்கற சாமானா இருந்தா?”

“ஐயா, இது நாங்க அந்த மலையில எடுத்த கல்லுங்க” என்றேன்.

“அந்த மலை முழுக்கக் கருங்கல்லு தம்பி. எங்காளுங்க தெனமும் ஏறி எறங்கறாங்க. இந்த மாதிரிப் பொடி அங்க எங்கருந்து வரும்? நீங்க குடுத்த கல்லக் கொட்டிட்டு இவ வேறத வச்சிருந்தா?”

வெள்ளைக்காரர் சொன்னாலும் மசியாத ஆள். கேள்வியும் நியாயமானதுதான். அந்தப் பொடியை நானே முதலில் கல் என்று நம்பவில்லை.

துரை தொப்பியை எடுத்தார். “வந்து பாருங்கள்” என்றார்.

3. ஓடைக்கரை

மறுநாள் காலை போலீஸ் ஜீப்பில் துப்பாக்கிக் காவலோடு போனோம். செல்லம்மா லாக்கப்பிலேயே இருந்தார். பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி பாலைச் சங்கில் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாளாம், குடிக்காமல் கத்தியதாம்.

ஓடை அறுத்த கரையில் துரை இன்ஸ்பெக்டர் கையிலேயே சுத்தியலைக் கொடுத்தார். முதல் அடி கருங்கல்லில் விழுந்தது. சுத்தியல் எகிறியது. உடைந்த முகத்தில் கட்டை விரல் அளவு வெள்ளைப் படிகங்கள் தெரிந்தன. சில அடி தள்ளி அடிக்கச் சொன்னார். அதே கல்தான், ஆனால் படிகங்கள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டு நீண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்தபோது சுத்தியல் புதைந்தது. ஏடு ஏடாக, பளபளவென்று வெள்ளையாக உதிர்ந்தது. நடுநடுவே குவார்ட்ஸ் கோடு கோடாக ஓடியது.

“இது எப்படிய்யா?” என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

துரை சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இது ஷியர் சோன். ஒரு காலத்தில் பூமிக்கு அடியில், மிக ஆழத்தில், இந்தப் பக்கத்துப் பாறையும் அந்தப் பக்கத்துப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. அங்கே இருக்கும் சூட்டில் பாறை உடையாது, பிசைந்த மாவைப்போல இழுபடும். ஆனால் இழுபட்டால் மட்டும் கருங்கல் இப்படி ஆகாது. அந்தத் தடத்தில் சுடுதண்ணீர் ஏறியிருக்கிறது. தண்ணீர் பட்ட இடத்தில் அந்த வெள்ளைப் படிகங்கள் மைக்காவாக மாறிவிட்டன. அதில் மிஞ்சியதுதான் குவார்ட்ஸாகப் படிந்தது. மைக்கா வழுக்கும். அதனால் மேற்கொண்டு நகர்வதும் அதே தடத்தில்தான், தண்ணீர் வருவதும் அதே தடத்தில்தான். சில அடி தள்ளி, அதே சூடு, அதே அழுத்தம். தண்ணீர் மட்டும் போகவில்லை, அங்கே கருங்கல் கருங்கல்லாகவே நின்றது.

இன்ஸ்பெக்டர் கருங்கல்லிலிருந்து வெள்ளைக் கல்வரை கையால் தடவிக்கொண்டே மூன்று தரம் நடந்தார். மூட்டையிலிருந்து கொண்டுவந்த பொடியை ஓடைக்கரைப் பொடியோடு வைத்து இரண்டு கையிலும் தேய்த்துப் பார்த்தார்.

“அதேதான்லா” என்றார்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் செல்லம்மாவைக் கூட்டிவந்தார்கள். ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்து காய்ந்திருந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“போம்மா. அது கல்லுதான். தொர காட்டிட்டாரு” என்றார் இன்ஸ்பெக்டர்.

செல்லம்மா போகவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“நேத்தே நான் கல்லுன்னுதானேய்யா சொன்னேன். நான் சொன்னப்ப அது கல்லா இல்ல. தொர சொன்னதும் கல்லாயிடுச்சா?”

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார், பிறகு கீழே வைத்தார். செல்லம்மா எங்கள் ஜீப்புக்குக் காத்திராமல் லயத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

“என்ன சொன்னாள்?” என்று துரை கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது.

அதற்குப் பிறகு செல்லம்மா எங்களுக்குச் சுமக்க வரவில்லை. கூப்பிட எங்களுக்கும் வாய் வரவில்லை. பாஸை அவர் கையில் கொடுத்தனுப்பாதது எங்கள் தப்பு, அதைத் திருத்திக்கொள்வது சுலபம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. உங்கள் சாம்பிளை ஒருவர் தலையில் ஏற்றுமுன், அவர் சொல்லுக்கு அந்த ஊரில் என்ன மதிப்பு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மதிப்பு இல்லையென்றால், நீங்களும் கூடவே நடங்கள்.