இலக்கியாவின் ஒன்பது மணிப் புதிர்

மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தாவதோடு நின்றவன். என் தங்கை இலக்கியா சிதம்பரத்தில் தங்கி பி.எஸ்சி. கணக்கு படித்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அதுதான். அந்தச் சான்றிதழை நானே நகலெடுத்து, ஓரம் கோணாமல் வெட்டி, லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்றுதான். ஆனால் அந்தப் பட்டதாரியை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டை யாரிடம் சொல்வது?

இந்தப் பைத்தியம் அவளுக்குப் படிக்கும் காலத்திலேயே பிடித்தது. 2005 வாக்கில் சிதம்பரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எண் கட்டங்களை நிரப்புவாள். நேரம் முடிந்துவிட்டால் மீதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுவாள். அதே யோசனையில் கடலூரில் இறங்க மறந்து பாண்டிச்சேரி வரை போய்த் திரும்பியதும் உண்டு.

இப்போது என் கடையில் மனு டைப் செய்வது அவள் வேலை. ஒரு எழுத்து தப்பு வராது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு மட்டும் எந்த மனுவுக்கும் கம்ப்யூட்டர் கிடைக்காது. அந்த நேரத்தில்தான் ஒரு இணையதளத்தில் அன்றைய புதிர் திறக்கும். ஏதோ ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பார்கள். முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்தால் முழு மதிப்பெண். பரிசு, பணம் ஒன்றும் கிடையாது.

2012இல் கரண்ட் இருந்த நிலைமை கடலூர்க்காரர்களுக்கு மறக்காது. ஒன்பதிலிருந்து பத்து வரை இருக்கும், அப்புறம் மத்தியானம்தான். அந்த ஒரு மணி நேரம்தான் என் பிழைப்பு.

"பாப்பா, பெரியவரு நிக்கிறாரு. அந்த மனுவ அடிச்சிக் குடு."

"ஒரு நிமிஷம்ணா. ரெண்டாவது குறிப்பு தொறந்துட்டேன்."

"கரண்டு போயிடும்!"

"அதான் நானும் அவசரப்படறேன்."

பெரியவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்தப் பொண்ணு என்னா கணக்கு போடுது?"

"கலெக்டர் ஆபீஸ் வேலைங்க" என்று பொய் சொன்னேன். வேறென்ன சொல்வது?

அந்தத் தளத்தில் மாதா மாதம் முதலிடம் பாண்டிச்சேரி அமராவதி அம்மாவுக்குத்தான். ஓய்வுபெற்ற நர்ஸ். தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் ஆடியவர் என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். வேறு யாருக்கும் அது கிடையாது. கண் ஆபரேஷன் அன்றைக்குக்கூட யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு ஆடினாராம். அவரும் இலக்கியாவும் நேரில் பார்த்ததில்லை. போனில் மட்டும் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் இலக்கியா அவரை முந்திவிட்டாள். முதலிடம் வருகிறவர் எல்லோருக்குமாக ஒரு புதிர் போடலாம். அது வரும் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் அதைத் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். தவறினால் வாய்ப்பு இரண்டாம் இடத்துக்காரருக்கு, அதாவது அமராவதி அம்மாவுக்குப் போய்விடும்.

பட்டம் வாங்கினபோதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. முன்கூட்டியே ஏற்றித் தொலைத்திருக்கலாம். "குறிப்பு இன்னும் சரியா அமையலண்ணா" என்று கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை வரை இழுத்தாள். அன்றைக்கு மத்தியானம் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் டமார் என்று வெடித்தது. நாளைக்குத்தான் சரியாகும் என்று லைன்மேன் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரில் பிரவுசிங் சென்டர்களும் திறக்கவில்லை.

பாண்டிச்சேரியில் கரண்ட் பிரச்சினை கிடையாது. ஆனால் அன்று அங்கே பந்த், கடைகள் எல்லாம் அடைப்பு.

"பைக்ல போயிடலாம். அந்த அமராவதி அம்மா வீட்டுல உக்காந்து அடிச்சிட்டு வா" என்றேன்.

"அங்க வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்ணா."

பக்கத்தில் இருக்கும் பாண்டிச்சேரியை விட்டுவிட்டுச் சிதம்பரம் போவதென்று முடிவானது. அங்கே எங்கள் சித்தி தைலம்மாள் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு. போன் செய்தோம். "இப்பதான் போயிட்டு வந்துச்சு. இனிமே ராத்திரிதான் போவும், வாங்க" என்றார் சித்தி.

டயரில் காற்று பார்த்து, கடையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துப் பூட்டி, கிளம்பினோம். வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். குறிப்புகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

சித்தி வீட்டில் அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது. உடனே ஃபேன் நின்றது, திரையும் அணைந்தது.

"அய்யய்யே, இது கணக்குல இல்லியே!" என்றார் சித்தி.

"யூ.பி.எஸ். எங்க சித்தி?"

"அது கீ கீன்னு கத்துச்சு. புடுங்கி வச்சிட்டேன்."

அப்போது என் போன் அடித்தது. பக்கத்து டீக்கடை சிங்காரம். "ராஜவேலு, கரண்டு வந்துருச்சுப்பா! உன் கடை போர்டு லைட்டு எரியுதே, அணைக்காமலா போயிட்ட?"

இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூட்டியவனுக்கு அதையும் கேட்க வேண்டியிருந்தது. திரும்பிப் போனால் ஆறு மணிக்குள் போய்ச் சேர முடியாது. தளம் நடத்துகிறவர் குலதெய்வக் கோயிலில் இருக்கிறாராம், போன் எடுக்கவில்லை.

"அந்த அம்மாகிட்ட போன்ல சொன்னா அடிச்சிட்டுப் போறாங்க" என்று கத்திவிட்டேன்.

இலக்கியா தலை குனிந்தாள். "விடை தெரிஞ்சவங்க ஆடக் கூடாதுண்ணா. அடிச்சிக் குடுத்தா நாளைக்கி அவுங்க ஆட முடியாது. அவுங்க நட்சத்திரம் போயிடும்."

பாண்டிச்சேரி வேண்டாம் என்றதன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எரிச்சல்தான் இன்னும் ஏறியது. நானே அந்த நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

இலக்கியா விஷயத்தைச் சொன்னாள். "நீங்க மாட்டேன்னா பரவால்லம்மா. உங்களுக்கே வாய்ப்பு வரும்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வர்றது தெரியும்டி" என்றார் அமராவதி அம்மா. "என்னைய ஜெயிச்சிட்டுப் புதிர் போடாம போனா எப்பிடி? சொல்லு. மெதுவா சொல்லு, எனக்கு எழுத்து தேடணும்."

"விடை முந்திரிப்பழம்மா."

அதற்கு முந்தைய மார்கழியில் அடித்த புயல் எங்கள் பக்கத்து முந்திரி மரங்களை எல்லாம் சாய்த்திருந்தது. சித்தி மெதுவாக 'உச்'சுக் கொட்டினார்.

"மொதல் குறிப்பு: 'என் கொட்டை எனக்கு வெளியே.'"

"அடிப் போடி! இத மொதல்ல வச்சா பால்வாடிப் புள்ளகூட சொல்லிடும். கடைசில வையி."

"அப்ப, 'என் பிள்ளைக்குத்தான் விலை, எனக்கு இல்லை'ன்னு ஒண்ணு இருக்கு."

"அது ரெண்டாவது. வேற?"

"'என் கறை பட்டால் சட்டையைத்தான் மாற்ற வேண்டும்.'"

"ஆங், அது மொதல். பாரு, இப்ப சரியா வந்துச்சு."

ஒரு வாரமாக அமையாதது நின்ற நிலையில் அமைந்துவிட்டது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், "போயிடுச்சுடி" என்று குரல் வந்தது. இலக்கியா தாங்க்ஸ் சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் திங்கள்கிழமை. கடை வாசலில் கூட்டம், அந்தப் பெரியவரும் மறுபடி ஒரு மனுவோடு முன்னால் நின்றார். ஒன்பது மணிக்குப் புதிர் திறந்தது. கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் வர ஆரம்பித்தன. நிறையப் பேர் முதல் குறிப்பில் திணறியிருந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இலக்கியா அதைப் பார்க்கவில்லை. அமராவதி அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, "நகரு பாப்பா, நான் ஒரு தடவ ஆடறேன். மொதல் குறிப்புலயே அடிச்சிடுவேன்" என்று மௌசைப் பிடித்தேன்.

என் கையை எடுத்து அப்பால் வைத்தாள். "நீ நேத்து கேட்டுட்டண்ணா. நீ ஆடக் கூடாது."

"அது யாருக்குத் தெரியப் போவுது?"

"அமராவதி அம்மா ஆடியிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் பட்டியலை மூடினாள். "பெரியவரே, மனுவக் குடுங்க" என்று கை நீட்டினாள். ஒன்பது மணிக்கு என் கடையில் ஒரு மனு டைப் ஆனது அன்றைக்குத்தான். அடித்து முடித்து, பிரிண்டர் பாதித் தாளை இழுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பத்து மணி வரை இருக்க வேண்டிய கரண்ட்.

பெரியவர் என்னைத்தான் முறைத்தார்.