நாலு பேர் பின்னிய ஸ்வெட்டர்

தென்காசியில் ஸ்வெட்டர் பின்னுகிறோம் என்று சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? என் வீட்டுக்காரரே சிரித்தார். "குத்தாலத்துக்கு வாரவன் துண்டு வாங்குவான், எண்ணெய் வாங்குவான். ஸ்வெட்டரா வாங்கப் போறான்?" என்றார்.

அவர் இந்தப் பக்கத்துக்காரர். நான் தூத்துக்குடியில் உப்புக்காற்றில் வளர்ந்தவள். அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குத் தாலுகா ஆபீசில் வேலையாகி இங்கே குடிவந்தபோது, ஆனி மாதத்துச் சாரல் காற்று என்னை ஆட்டிவைத்தது. பழைய சேலை ஒன்றை மேலே போர்த்திக்கொண்டுதான் அடுப்படியில் நிற்பேன்.

அடுத்த தெருவில் ஒரு டீச்சர் இருந்தாள். என் வயதுதான். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தவள். தானே பின்னிய நீல ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, குடைபிடித்துப் பள்ளிக்கூடம் போவாள். ஒருநாள் வாசலில் மறித்து, "எனக்கும் சொல்லித் தாரியளா?" என்று கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். கம்பளி நூலை அவளே மதுரையிலிருந்து வரவழைத்தாள். ஊசிதான் கிடைக்கவில்லை. சைக்கிள் கடையில் பழைய சக்கரக் கம்பி வாங்கி, முனையைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டோம்.

பின்வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவள் தானாகத்தான் வந்து சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் கொழும்பில் வியாபாரம் செய்தார். பகலில் தெருப்பக்கம் வரமாட்டாள். இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் நடுவே இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "நீங்க ரெண்டு பேரும் மட்டும் சிரிச்சா எப்படி?" என்று உட்கார்ந்தாள். அவள் பின்னினால் நூல் இறுகிப்போகும். நான் பின்னினால் தொளதொளவென்று கிடக்கும். "உன் கையில மீன் வலைதான் வருது" என்பாள். டீச்சர் எங்கள் இருவர் கண்ணிகளையும் எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். நான் சுக்குக் காப்பி போட எழுந்துவிடுவேன்.

சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம் நாலாவதாக ஒருத்தி வந்தாள். எங்கள் வரிசையிலேயே கடைசி வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் பட்டாளத்தில், மலைமேல் எங்கோ இருந்தான். வாசலில் நின்றபடியே, "அக்கா, அங்கன பனி பெய்யுதாம். அவுகளுக்கு ஒரு ஸ்வெட்டர் வேணும். எனக்குப் பின்னத் தெரியாது" என்றாள்.

ஒருத்தியே பின்னினால் நாளாகும் என்று டீச்சர் வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். முன்பக்கம் அவள். வலது கை ராத்தா. இடது கை நான். சுலபமான முதுகுப்பக்கம் அந்தப் பெண்ணுக்கு. சனிக்கிழமை வரை காத்திருக்காமல் தினமும் கூடினோம். என் வீட்டில் அந்த நாட்களில் குழம்பும் அப்பளமும்தான். அவரும் அதையே சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனார்.

எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தபோதுதான் தெரிந்தது, இடது கை வலது கையைவிட ஒரு சாண் நீளம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பிரிச்சிட்டு மறுபடியும் போடுவோம்" என்றாள் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். நீளமா இருந்தா மடிச்சு விட்டுக்கிடுவாக. இன்னைக்கே அனுப்பணும்" என்றாள் அந்தப் பெண். அப்படியே பார்சலாகப் போனது.

அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்போதும் இல்லை. அவள் மட்டும் தவறாமல் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் குனிந்து பின்னிக்கொண்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை சட்டென்று நிமிர்ந்து, "யாராவது பேசுங்களேன். கம்பிச் சத்தம் மட்டும் கேட்டா பயமா இருக்கு" என்றாள்.

உடனே ராத்தா, தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீடு தெரியாமல் வேறு பந்தலில் போய் உட்கார்ந்து விருந்தைச் சாப்பிட்ட தன் தாய்மாமா கதையை ஆரம்பித்தாள். பாதி பொய் என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் அதே மாமா வேறு ஊரில் வேறு பந்தலில் சாப்பிட்டார். அந்தப் பெண் சிரிக்கும்வரை அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மார்கழியில் தகவல் வந்தது. உயிரோடு இருக்கிறான், பனியில் கால் விரல்கள் கருகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவள் என் மடியில் தலைவைத்து அழுதாள். டீச்சர் ஜெபம் சொன்னாள். ராத்தா கதவைத் திறந்து ஓடி, வீட்டிலிருந்த சீனியை அள்ளிவந்து எங்கள் எல்லார் வாயிலும் போட்டாள்.

அடுத்த சாரலில் லீவில் வந்தான். லேசாக விந்தி நடந்து, பெண்டாட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தான். இடது கையை மணிக்கட்டில் மடித்து விட்டிருந்தான். மழை வெறித்து வெயில் அடித்த நேரம் அது. நெற்றியில் வியர்வை வழிந்தது.

கதவு மறைவிலிருந்து ராத்தா கேட்டாள்: "தம்பி, வலது கை இறுக்கமா இருக்கா?"

"இறுக்கம்தான் அக்கா" என்றான். பிறகு, "பொய் சொல்லக் கூடாது. இது வந்து சேரும்போது சண்டை முடிஞ்சிட்டு. ஆஸ்பத்திரியிலதான் கையில கிடைச்சது" என்றான். எங்கள் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். "பஞ்சாபி, மலையாளி, எல்லாவனும் வாங்கிப் போட்டுப் பாத்தான். இப்படி ஒரு கையை எந்த ஊருல பின்னுதாங்கன்னு கேட்டு அந்த வார்டே சிரிச்சது. அடிபட்ட பிறகு நான் சிரிச்சது அன்னைக்குத்தான்."

கதவுக்குப் பின்னால் ராத்தா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

லீவு முடிந்து அவன் கிளம்பியபோது அவளையும் கூட்டிக்கொண்டு வடக்கே போனான். நாங்கள் மூவரும் இன்னும் சில வருஷம் சனிக்கிழமைகளில் உட்கார்ந்தோம். டீச்சர் கல்யாணமாகி நாகர்கோவில் போனாள். எங்களுக்கும் விருதுநகருக்கு மாற்றல் வந்தது. அங்கேயும் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் மரியாதைக்கு வந்தார்கள். மூன்றாவது வாரம் நானே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.