குறிப்புக்காரர்

"பட்டனை அழுத்தவும்" என்று வாய்விட்டுப் படிக்கிறார். அழுத்துகிறார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அடுத்து என்ன என்று அந்த வரி சொல்லவில்லை. சொல்லாததைச் செய்வதில்லை என்று ஒரு விரதம். "எனக்குத் தெரியும். தெரியாதவன் என்ன பண்ணுவான்? இப்படித்தான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்."

கணினியில் புதுப்புது மென்பொருள்களை இறக்கி நிறுவித் தரும் கருவி ஒன்றுக்கு, பயன்படுத்தும் முறையை எழுதித் திருத்துவது இவர் வேலை. எங்கள் மாடியில் இவருக்குக் குறிப்புக்காரர் என்று பெயர். 'எளிதாக' என்ற சொல் ஆகவே ஆகாது. "எளிதா இருந்தா அவன் ஏன் நம்மகிட்ட வரான்?" வழி கேட்டால்கூட, "பதினெட்டுப் படி. பன்னிரண்டாவது கொஞ்சம் உயரம், பாத்து ஏறுங்க" என்பார்.

இவர் அறையில் எட்டு மேசைகள். மற்ற ஏழு பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். "வீட்லயும் நான் மட்டும்தான். இங்க லிஃப்ட் சத்தமாவது கேக்குது." மகள் வெளியூரில். "போன புதுசுல தினம் போன் பண்ணுவா. வாஷிங் மெஷின் எப்படிப் போடறது, ஃபியூஸ் எப்படி மாத்தறதுன்னு. எல்லாத்தையும் வரிசையா நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். நல்லாவே எழுதிட்டேன் போல. அப்புறம் போனைக் காணோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் புகார்கள் வந்தன. நான்காம் படியில் கருவி நின்றுவிடுகிறதாம். இவர் இருபது முறை செய்து பார்த்தார், நிற்கவில்லை. கடைசியில், தரை துடைக்க வந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் நிதானமாகப் படித்து மூன்று படி தாண்டினார். நான்காவதில் கை நின்றது.

"பாஸ்வேர்டை அடிங்கன்னு போட்டிருக்கு. அடிக்கிறேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குது. மெஷின் கெட்டுப்போச்சா சார்?"

அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதென்று அந்த இடத்தில் எழுத்துகள் திரையில் தெரியாது. இவருக்கு முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம். அதனாலேயே எழுத விட்டுப்போயிருந்தது. "எழுத்துகள் தெரியாது. பயப்படாமல் அடித்து முடியுங்கள்" என்று சேர்த்தார். புகார் நின்றது.

அதன்பிறகு அந்த அம்மா தினமும் வேலை முடிந்ததும் கால் மணி நேரம் வந்து உட்கார்ந்தார். தினமும் எங்கேயாவது ஓரிடத்தில் தடுக்கினார். "இது என்ன பாஷை சார், நீங்களே எழுதினதா?" என்று அவர் கேட்பதும், இவர் விழுந்து விழுந்து சிரிப்பதும் எங்கள் அறைவரை கேட்கும்.

நேற்று அந்த அம்மா முதல் படியிலிருந்து கடைசிவரை எங்கும் நிற்காமல் போய்விட்டார்.

"சரியா வந்திருச்சு சார். இனிமே நான் எதுக்கு?"

"நாளைக்கு ஒரே ஒரு தடவை பாத்துடுங்கம்மா."

"அதான் சரியா இருக்கே."

"எதுக்கும் இருக்கட்டும்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் நான் நிற்பதைக் குறிப்புக்காரர் கவனிக்கவில்லை. அந்த அம்மா படிப்பதற்கென்று தனியாக வைத்திருந்த பிரதியை இவர் திறந்தார். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பிறகு ஆறாம் படிக்குப் போய், அங்கே பிழையேதும் இல்லாத ஒரு வரியை அழித்தார்.