ஹீட் சிங்க்குக்குத் தைத்த உறை

நடந்தது இதுதான்:

1. கடுமையான மின்வெட்டுக் காலம். எங்கள் பனியன் கம்பெனி பகலில் பாதி நேரம் ஜெனரேட்டரில்தான் ஓடியது.
2. ஜெனரேட்டரின் டீசல் எஞ்சின், ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் தானாக நின்றது. ஆறவிட்டால் மறுபடி ஓடியது.
3. இன்னொரு தடவை நின்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக முதலாளி, ஜெனரேட்டர் ஆபரேட்டரிடம் சொன்னார்.
4. நான் எஞ்சினின் எலக்ட்ரானிக் மாட்யூலைக் கழற்றி, ஹீட் சிங்க் ஒன்றில் பொருத்திச் சுவரில் மாட்டினேன்.
5. பதினொரு நாள் நிற்காமல் ஓடியது.
6. பன்னிரண்டாம் நாள் நின்றது.

மெயின்டனன்ஸ் லாக் புக்கில் இப்படித்தான் எழுதுவேன். அப்போது டிப்ளமோ முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வெள்ளகோவிலிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். கீழ்த்தளத்தில் துணி பின்னும் நிட்டிங், மாடியில் தையல், பின்பக்கம் தகர ஷெட்டில் ஜெனரேட்டர். மெயின்டனன்ஸில் நான் ஒருத்திதான் பெண்.

ஆபரேட்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். அவர் மனைவி மாடியில் செக்கிங்கில் இருந்தார். அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீடு கம்பெனியுடையது. வேலை போனால் அந்த வாரமே வீட்டையும் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூட வருடம் பாதியில் இருக்கும்போது. அவர் இதையெல்லாம் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. டீசல் ஃபில்டரை மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவிக்கொண்டே இருந்தார்.

கோளாறு ஃபில்டரில் இல்லை. டீசல் பம்புக்கு எப்போது, எவ்வளவு விட வேண்டும் என்று சொல்வது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதுதான் மாட்யூல். எஞ்சினைச் செய்தவர்கள் அதைப் பம்பின் விலாவிலேயே பொருத்தியிருந்தார்கள். தன் சூடு போதாதென்று எஞ்சின் சூடும் சேர்ந்து அது செயலிழந்தது. ஒருநாள் எஞ்சின் நின்ற கையோடு மல்டிமீட்டரின் வெப்ப முனையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அந்த எண்ணைப் பார்க்கவே தேவையில்லை, பக்கத்தில் கை வைக்க முடியவில்லை.

பழைய சாமான் அறையில், கெட்டுப்போன ஒரு இன்வெர்ட்டரின் ஹீட் சிங்க் கிடந்தது. சீப்புப் பல் மாதிரி வரிவரியாகத் தகடுகள் உள்ள கனமான அலுமினியக் கட்டி; தன்மேல் பொருத்தியதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும். அதன் தட்டையான முகத்தை, கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து அரை நாள் தேய்த்தேன். ஆபரேட்டர் நான்கு துளை போட்டு மரை வெட்டிக் கொடுத்தார். வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை நான் மெல்லிசாகத் தடவியதைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அப்புங்கம்மா, காணாதுல்லா" என்றார். கனமாகப் பூசினால் அதுவே தடுப்பாகிவிடும் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. காற்று நுழையும் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், சூடான காற்று மேலே போகும்படி தகடுகளை நெட்டுக்குத்தாக வைத்து மாட்டினோம். ஒவ்வொரு வயருக்கும் நம்பர் கட்டி நீளக் கேபிள் இழுத்தேன். எட்டு வரியில் பராமரிப்புக் குறிப்பு எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

அந்தப் பதினொரு நாளை இப்போதும் நினைத்துக்கொள்வேன். கரண்ட் போனதும் கட்டிடம் முழுக்கச் சத்தம் அடங்கிவிடும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஒரு அரை நிமிடம் கிடைக்கும். அந்த அரை நிமிடத்தில் மாடியிலிருந்து பெண்களின் பேச்சு தெளிவாகக் கேட்கும்: யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்குப் பெண் பார்க்க வந்தார்கள். உடுமலைப் பக்கம் மின்சாரக் காற்றாடி சுற்றவில்லை என்றால் இங்கே நாம் கை கட்டி உட்கார வேண்டியதுதான் என்று முதலாளி தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். பிறகு எஞ்சின் உறுமி, அத்தனை பேச்சையும் மூடிவிடும். ஆபரேட்டர் ஷெட் வாசலில் நின்று எனக்குக் கட்டை விரலைக் காட்டுவார்.

பன்னிரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் நின்றது. நிட்டிங் மிஷின் ஓட்டத்தில் நின்றால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். எல்லா மிஷினிலும் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஷெட்டுக்கு ஓடினேன்.

சுவரில் என் ஹீட் சிங்க்கைக் காணோம். அந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு துணி மூட்டை தொங்கியது.

எங்கள் கம்பெனியில் எந்தப் புதுப் பொருளும் ஒரு வாரத்துக்கு மேல் உடுப்பில்லாமல் இருக்காது. கம்ப்யூட்டர், போன், எடை மிஷின், முதலுதவிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் கட்டிங் வேஸ்ட்டில் உறை தைத்துப் போட்டுவிடுவார்கள். இதுவும் அப்படித்தான். இன்டர்லாக் பனியன் துணி, நாலு பக்கமும் ஓவர்லாக் தையல், வாயில் எலாஸ்டிக், கேபிள் வெளியே வர அளவெடுத்து ஒரு துளை. ஓரத்தில் எம் சைஸ் லேபிள் கூட இருந்தது. கழற்றியபோது உள்ளிருந்து அடுப்படி மாதிரி சூடு வந்தது.

"நான்தாம்மா தைக்கச் சொன்னேன்" என்றார் ஆபரேட்டர். "நிட்டிங்குல இருந்து பஞ்சு பறந்து வந்து தகட்டு சந்துல அடையுது. இது கெட்டா என் பொழப்பும் போச்சுல்லா. நேத்து சாயங்காலந்தான் மாட்டினேன்."

நான் பதில் சொல்வதற்குள் முதலாளி வந்துவிட்டார். மாட்யூல், அதன்கீழே ஆபரேட்டர், என் கையில் உறை. மூன்றையும் பார்த்தார்.

"நின்னா வேற ஆளுன்னு சொல்லியிருந்தனில்ல?" என்றார், அவரிடம்.

ஆபரேட்டர் தலையாட்டினார். உறையைப் போட்டது தான்தான் என்று அவரிடமும் சொன்னார். ஷெட் சாவிக் கொத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் முதலாளிக்குச் சுவரில் இருந்த குறிப்பைக் காட்டினேன். "எட்டு வரி எழுதியிருக்கறனுங்க. மூடக்கூடாதுன்னு ஒரு வரி எழுதலீங்க. இந்த ஊர்ல அதைத்தானுங்க மொதல்ல எழுதியிருக்கோணும்." பிறகு உறையை அவரிடம் நீட்டினேன். அதன் வெளிப்பக்கம் ஒரு நாளைக்குள் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது. "இவர் பயந்ததும் சரிதானுங்க. இது அத்தனையும் தகட்டுக்குள்ள போயிருக்கும்."

முதலாளி தையல்காரராக ஆரம்பித்தவர். உறையை வாங்கியவர், பழக்கத்தில் தையலைத்தான் முதலில் இழுத்துப் பார்த்தார். லேபிளைப் புரட்டினார்.

"எம் சைஸா?"

லேபிளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எல்லு சைஸ் வெச்சிருந்தா காத்து போயிருக்குமா அம்மிணி?"

போயிருக்காதுங்க என்றேன்.

"அப்ப ஒம்பதாவது வரியை எழுது. பஞ்சுக்கு என்ன பண்றதுன்னு பத்தாவதா எழுது. ஆளு இவரே இருக்கட்டும்" என்று உறையை என்னிடம் கொடுத்துவிட்டு, நிட்டிங்கில் எத்தனை ரோலில் கோடு விழுந்தது என்று பார்க்கப் போனார். ஆபரேட்டர் சாவிக் கொத்தை மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாடிக்குப் போனபோது, உறை தைத்த அக்கா மிஷினை நிறுத்தாமலே கேட்டார்: "ஏங்கண்ணு, உம்பட பெட்டிக்கு வேர்த்துப் போச்சாமா? அடுத்த வாட்டி கையில்லாம தெச்சுத் தாரேன்." வரிசை முழுக்கச் சிரித்தது. ஆபரேட்டரின் மனைவி செக்கிங் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, அவரும் சிரித்தார்.

பத்தாவது வரி: தினமும் காலையில் ஏர் குழாயால் தகடுகளை ஊதிச் சுத்தம் செய்யவும். யாரும் நினைவூட்டாமல் ஆபரேட்டர் அதைச் செய்தார்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஷெட்டை எட்டிப் பார்த்தேன். மாட்யூல் அதே ஹீட் சிங்க்கில், அதே சுவரில் இருக்கிறது. குறிப்பில் பத்து வரிகள் இருக்கின்றன. ஆபரேட்டர் அதே வேலையில், அதே வீட்டில் இருக்கிறார். உறை என் டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது.