தூக்கவிடாத கை

இந்த நாட்டில் ஒருவர் ஓட்டுக் கேட்டு வாசலில் நின்றதை நான் முதலில் பார்த்தது ஜப்பான்காரன் காலத்தில். ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டம். ஊரிலிருந்து கப்பலேறி வந்து எனக்கு நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது.

தோட்டத்தில் இந்தியர் சங்கக் கிளை வரப்போகிறது, தலைவரை நீங்களே கை தூக்கித் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். போட்டி, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணிக்கும் கடைக்காரருக்கும். கிராணி, நாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். கும்பிட்ட கையோடு அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“நம்ம நல்லதுக்குத்தான் அம்மா. உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க,” என்றார்.

அவர் வாயில் ‘அம்மா’ வந்ததே எனக்குச் சந்தேகம். மறுநாள் கடைக்காரர் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து தந்தார். கிழங்கை வாங்கிக்கொண்டேன். அவரையும் நம்பவில்லை.

அப்போது ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து லாரியில் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. நேற்றுவரை எங்களை ஒரு வார்த்தை கேட்காதவர்கள் இன்று கையைத் தூக்கச் சொன்னால் எப்படி நம்புவது? விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டில், தூரத்து மலைக்கு வேலை செய்ய யார் போவது என்று கேட்பார்கள். கை தூக்கியவன் பெயரைக் கிராணி எழுதிக்கொள்வார். எழுதினால் போயாக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த கை தூக்கல் அது ஒன்றுதான்.

கூட்டமும் அதே பெரட்டுக் களத்தில்தான் நடந்தது. சங்கத்து ஆள் கையில் நோட்டு இருந்தது. யாருக்குக் கை தூக்கினாலும் பெயரை எழுதினார்.

“எழுதுறாங்க, பாத்தீங்களா? சும்மா நில்லுங்க,” என்றேன் என் கணவரிடம்.

“எல்லாரும் தூக்குறாங்களே புள்ள,” என்றார். அவர் கை லேசாக எழுந்தது. மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினேன்.

கிராணி ஜெயித்தார். யார் ஜெயித்தால் எனக்கென்ன, என் வீட்டுக்காரர் பெயர் நோட்டில் ஏறவில்லை. அன்று கிழங்கை அவித்து நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்து ஜப்பான்காரன் வந்து சயாமுக்கு ஆள் கேட்டான். கிராணி அந்த நோட்டை எடுத்து நீட்டினார். இதில் இருப்பவர்கள் சங்கத்து ஆட்கள், இவர்களை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். அவன் ஒத்துக்கொண்டான். நோட்டில் பெயர் இல்லாதவர்களை லாரியில் ஏற்றினார்கள்.

அப்புறம் எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டேன். கும்பிட்டுக்கொண்டு வருகிறவர்களை இன்றும் நம்புவதில்லை. அன்று என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேனே, அவளையும் நம்புவதில்லை.

என் வீட்டுக்காரரும் அந்த லாரியில்தான் ஏறினார். லாரி கிளம்பியபோது என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். இந்தத் தடவை அந்த மணிக்கட்டு எனக்கு எட்டவில்லை.