ட்ரெய்லருக்குக் குளிர்காப்பு: ஒரே சனிக்கிழமையில் இரண்டு தடவை லிண்ட்சே

அக்டோபர் கடைசிக் கிழமை முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரைமணிக்கு ஒரு தடவை கைபேசியில் வானிலை பார்ப்பதும், வாசலுக்குப் போய் காற்றை முகர்ந்து பார்ப்பதுமாகவே இருந்தேன். சனி இரவு மறை எட்டுப் பாகை, அதாவது சைபருக்கும் எட்டுக் கீழே என்று போட்டிருந்தார்கள். எங்கள் முகாம் ட்ரெய்லர் லிண்ட்சேக்கு அப்பால் ஒரு பண்ணையில் நிற்கிறது. அதன் குழாய்களிலோ கோடைகாலத்துத் தண்ணீர். உறைந்தால் வெடிக்கும்.

போன வருடம் வெடித்தது. கழிவறைக்குப் பின்னால் குழாய் பிளந்து, மே மாதம் திறந்தபோது தரைப்பலகை ஊறிப்போயிருந்தது. எலி கடித்ததாக இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். நாற்பத்திரண்டு பேர் அனுதாபம் தெரிவித்தீர்கள். என் மனைவி மட்டும் தெரிவிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இந்த முறையும் பைப் வெடிச்சுதெண்டால் உந்த ட்ரெய்லரை வித்துப்போட்டுத்தான் மறுவேலை. எலி, கிலி எண்டு கதை சொல்லக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே சனிக்கிழமை காலை 9.10க்கு எங்கள் வீடு இருக்கும் அஜின்கோர்ட்டில் இருந்து இருவரும் வெளிக்கிட்டோம். 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், 115இல் ஏறி, 35ஐப் பிடித்தால் சரியாக 112 கிலோமீட்டர். பெட்ரோல் 38 டாலர். உறையாமல் இருக்கக் குழாய்க்கு விடும் பிங்க் திரவம் மூன்று கலன், ஒன்று 7 டாலர் 49 சதம். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சையை மறந்தும் வாங்காதீர்கள், அது நஞ்சு. வழியில் இரண்டு கரடிகள் ரோட்டைக் கடந்தன. மனைவி அவற்றை மாடு என்கிறாள். தூரப்பார்வையில் நான் கெட்டிக்காரன்.

10.40க்குப் பண்ணை. சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு வாசல் படலையைப் பூட்டினால் திங்கள்தான் திறப்பார்கள் என்று பண்ணைக்காரக் கிழவர் சொல்லிவிட்டுப் போனார்.

வேலையைத் தொடங்கினேன். நான் படித்தது எட்டாம் வகுப்புத்தான், ஆனால் குழாய் என்றால் என் கைக்குத் தானாக விளங்கும். கொழும்புத் துறைமுகத்தில் மூன்று கப்பல்களுக்கு நான் குழாய் பூட்டியிருக்கிறேன். மனைவி ட்ரெய்லரோடு வந்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டாள்.

"புத்தகம் எனக்கெதுக்கு? அதை எழுதினவனுக்கே நான் சொல்லிக் குடுப்பன்."

"நீங்கள் செய்யுங்கோ. நான் வாசிக்கிறன்."

நல்ல தண்ணீர்த் தாங்கியைத் திறந்து வடித்தேன். வெந்நீர்க் கலம் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அடி மூடியைக் கழற்றி அதையும் வடித்தேன். பிறகு அந்தக் கலத்துக்குள் திரவம் போகாதபடி வால்வைத் திருப்பினேன். திருப்ப மறந்தால் மூன்று கலனையும் அதுவே குடித்துவிடும். பம்பின் உறிஞ்சுகுழாயைப் பிங்க் கலனுக்குள் விட்டு, பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்தேன். குசினியில் பிங்க், குளியலில் பிங்க், கழிவறையின் பெடலை மிதித்தால் அங்கேயும் பிங்க். மனைவி ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் சரி போட்டாள். மிச்சத்தைத் தொட்டித் துவாரங்களில் ஊற்றி முடித்தபோது மணி 1.45. புத்தகத்தில் எதுவும் பாக்கி இல்லை.

ஆனாலும் திரும்பும் வழியில் எனக்குள் ஏதோ அரித்தது. ரேடியோவைப் போட்டேன், நிறுத்தினேன், கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன்.

"என்னப்பா, மூட்டைப்பூச்சி கடிக்குதே?" என்றாள்.

நாற்பது கிலோமீட்டர் தாண்டி, 2.22க்கு ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தினோம். எனக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. வழக்கம்போல மனைவியிடம் கையை நீட்டினேன்.

"அந்தத் தண்ணிப் போத்தலைத் தாரும்."

தந்தாள். போத்தலோடு அப்படியே நின்றுவிட்டேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள்.

"கழுவுற பைப்!" என்றாள்.

அதுதான். நம் ஆட்கள் கடதாசியை நம்பி ஏழு நாள் முகாமில் இருப்பார்களா? வாங்கிய மாதமே கழிவறைக் குழாயில் கிளை எடுத்து, கைக்குழாய் ஒன்று பூட்டினேன். ஒன்ராறியோவில் ட்ரெய்லருக்குள் அதைப் பூட்டிய முதல் ஆள் நான்தான். வெள்ளைக்காரன் எழுதிய புத்தகத்தில் அது எப்படி இருக்கும்? கழிவறையில் பிங்க் வந்தாலும், கிளையில் தண்ணீர் அப்படியே நிற்கும். போன வருடம் பிளந்ததும் அந்த மூலையில்தான். அதை நினைத்ததும் வந்த வேலையையே மறந்து காருக்கு ஓடினேன்.

2.59க்குப் பண்ணை என்று எழுதத்தான் ஆசை. மனைவி 3.04 என்கிறாள். கிழவர் சங்கிலியோடு படலையில் நின்றார். அந்தக் குழாய்க்கு ஆங்கிலம் வாயில் வரவில்லை; கையால் பீச்சிக் காட்டினேன். நாய் குளிப்பாட்டுவதா என்று கேட்டார். ஓம் என்றேன். எங்களிடம் நாய் இல்லை. என்ன சாதி நாய் என்றார். பெரியது என்றேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றாள். பிங்க் தீர்ந்துவிட்டது என்றதும், தன் கொட்டிலில் இருந்து அரைக் கலன் கொண்டுவந்து தந்தார். காசு வாங்கவில்லை.

பம்பைப் போட்டு, கைக்குழாயை வாளிக்குள் பிடித்து அழுத்தினேன். துப்பியது தண்ணீர். பிறகும் தண்ணீர். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. கடைசியில் ஒரு இருமல் இருமி, பிங்க் வந்தது.

மொத்தம் 304 கிலோமீட்டர் ஓடி அஜின்கோர்ட்டில் இறங்கும்போதுதான் மனைவி சொன்னாள்:

"அப்ப அந்த எலி பாவம்."

போகிறவர்களுக்கு: புத்தகம் அது எழுதப்பட்ட ட்ரெய்லருக்குத்தான். நீங்களாக எதைப் பூட்டினீர்களோ, அதை ஒரு தாளில் எழுதிக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். எங்கள் தாளில் கைக்குழாய் முதலாவது, மனைவியின் எழுத்து. விற்கும் பேச்சு மே மாதம் வரை இல்லை.

எலிக் கட்டுரையை அழிக்கவில்லை, அதன் அடியில் இதை இணைத்திருக்கிறேன். அதில் எலியின் நீளம் ஒரு அடி என்று போட்டிருந்தேன். அதையும் அப்படியே விட்டுவிட்டேன். எலியே இல்லை என்று ஆன பிறகு, நீளத்தைக் குறைத்து என்ன பயன்?